இறங்கும்போதுதான் வலித்தது

என் அருமைப் பயலே, செண்பகராஜ்,

நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. இறந்தவர்கள் எங்கிருந்தோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. உன் திதியன்று அம்மா காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவள். ஆனாலும் எழுதுகிறேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, ராஜு. நோயில் கிடந்த அந்த உடம்புக்குள் இருந்து பார்த்தவன் எங்களில் நீ ஒருவன்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் கோவில்பட்டியில் அதே வீட்டில் இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ்கள் பாதி மூடிவிட்டன, மீதியில் மிஷின் வந்துவிட்டது. கையில் போனை வைத்துக்கொண்டு ரோட்டில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

கோமதியைக் கடம்பூரில் கட்டிக்கொடுத்தோம். அவள் வீட்டுக்காரர் சங்கரன், ஸ்டேஷன் பக்கத்தில் போளிக் கடை வைத்திருக்கிறார். அமைதியான மனிதர், நல்ல கைப்பக்குவம். ஒரே பையன். வசந்த் என்று பெயர், ஒன்பது வயது. நீ பார்க்காத மருமகன்.

அவனுக்கும் உன் கால்கள்தான், ராஜு.

நம் ஊரில் ஆண் பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் கெண்டைக்காலைப் பார்ப்பார்கள். ஹாக்கி ஊர் அல்லவா. உனக்கு ஐந்து வயதில் எதிர்வீட்டு மாமா உன்னைத் தூக்கி அப்பா முன்னால் நிறுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. "அண்ணாச்சி, ஒங்க பயலுக்குக் கெண்டக்காலப் பாத்தியளா? உருட்டுக்கட்ட கணக்கா இருக்கு. ஃபுல் பேக்குக்கு நிறுத்துங்க, ஒரு பந்து தாண்டாது" என்றார். அப்பா அன்றைக்கே ஒரு பழைய ஹாக்கி மட்டையை வாங்கி உன் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தார்.

நீ ஓடவில்லை. இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாய். பந்துக்குக் குனிந்தால் விழுந்தாய். "கால்ல இம்புட்டுச் சதைய வச்சுக்கிட்டு ஓட மாட்டேங்கானே, சோம்பேறிப் பய" என்று அப்பா திட்டுவார். திட்டும்போதுகூட அவர் முகத்தில் அந்தக் கால்களைப் பற்றிய பெருமை இருக்கும். எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கால் தடித்திருந்தால் பலம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் நான். மதுரையில் எம்.எஸ்சி. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். உனக்கு எட்டு வயது. தசைக்கு வேலை கொடுத்தால் அது வளரும் என்று அந்தப் பருவத்தில்தான் பாடம் நடந்திருந்தது. விடுமுறைக்கு வந்தவள், உனக்கு நம் ஊர்க் கதிரேசன் மலைப் படிகளை மருந்தாக எழுதிக் கொடுத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, இன்றைக்கு இத்தனை படி, நாளைக்கு இத்தனை படி என்று. அப்பாவுக்கு அந்த நோட்டைக் காட்டினேன். "படிச்ச புள்ள சொல்லுதுலே, கேளு" என்று உன்னிடம் சொன்னார்.

தினமும் சாயங்காலம் ஏறினோம். ஏறும்போது நீ நின்று நின்றுதான் ஏறுவாய், ஆனால் ஏறிவிடுவாய். இறங்கும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். ஒரு நாள் சொன்னாய்: "அக்கா, ஏறுதது கூடப் பரவால்ல. எறங்குததுதான் நோவுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. "நோவுதுன்னா வளருதுன்னு அர்த்தம்லே" என்றேன்.

அந்த வாரம் உன் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. அம்மா பதறினாள். வெயிலில் ஏறிய சூடு என்று சொல்லி நீராகாரமும் இளநீரும் கொடுத்தாள். நானும் சூடுதான் என்றேன். இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுவருஷம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உன்னைத் தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னார். நீ முதலில் கையைத் தரையில் ஊன்றினாய், பிறகு முழங்காலில், பிறகு தொடையில். உன் உடம்பின் மேலேயே கையால் ஏறி நிமிர்ந்தாய். அவர் நோயின் பெயரைச் சொன்னார். "இனிமே இவனை ரொம்ப அலட்ட வேண்டாம்" என்றார். அப்பா அந்தப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெயர் காதில் விழவில்லை. 'அலட்ட வேண்டாம்' மட்டும்தான் விழுந்தது.

வீட்டில் யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ பதினோரு வயதில் நடை நின்று, பத்தொன்பதில் மூச்சு நிற்கும்வரை, பேசவே இல்லை. நீயாவது ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

வசந்துக்கும் இதுதான் என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நான் மறுபடி மாணவி ஆகிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உலகத்தில் எங்கே எழுதியதையும் உட்கார்ந்த இடத்தில் படிக்கலாம், மின்சாரம் போகாமல் இருந்தால். கல்லூரி முடிந்து அங்கே போய் உன் நோயைப் படிக்கிறேன்.

உனக்கும் சொல்கிறேன். தசை நார் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறைக்கும் நாருக்கும் நடுவில் சின்னஞ்சிறு செல்கள் சில ஒட்டிக்கொண்டு கிடக்கும். எந்த வேலையும் செய்யாது, தூக்கம் என்றே சொல்லலாம். நாரில் எங்காவது கிழிசல் விழுந்தால் எழுந்துகொள்ளும். இரண்டாய், நாலாய்ப் பெருகும். அதில் கொஞ்சம் கிழிந்த நாரோடு சேர்ந்து அதைச் சரிசெய்யும். கொஞ்சம் அடுத்த தடவைக்கு ஆகும் என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். தசையின் ஸ்டெம் செல் என்பது இதுதான். நான் படித்த புத்தகத்தில் இது ஒரு வரி. பரீட்சைக்கு வராது என்று அடிக்கோடுகூடப் போடவில்லை.

உன் நோயில் நாரைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு புரதம் இல்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாத சாதாரண அசைவிலேயே உனக்குக் கிழியும். அந்தச் செல்கள் எழும், சரிசெய்யும். ஆனால் புதிதாக வந்த நாரிலும் அந்தப் புரதம் இருக்காது, ஏனென்றால் அந்தச் செல்லும் உன்னுடையதுதான். மறுநாள் மறுபடி கிழியும். எத்தனை தடவைதான் எழும்? ஒரு கட்டத்தில் எழுவதற்கு ஆள் தீர்ந்துவிடுகிறதா, எழுந்தும் வேலை நடக்காமல் போகிறதா என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. நான் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு இரண்டும் சரி என்று தலையாட்டிக்கொண்டு வருகிறேன். தசை போன இடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து அடைந்துகொள்கிறது என்பதில் மட்டும் சண்டை இல்லை. ஊரே மெச்சிய உன் கெண்டைக்கால் அதுதான்.

இன்னொன்றும் படித்தேன். அந்தப் புரதம் இல்லாத எலிகளை ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் தசை சீக்கிரம் கிழிய வேண்டும் என்றால், சரிவாக ஓடுகிற பட்டையில் அதைக் கீழ்நோக்கி ஓட விடுவார்களாம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையையும் தாங்குகிறது. கிழிசல் அதில்தான் அதிகம்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "டீச்சர், அரை மணி ஆயிட்டு. இன்னொரு அரை மணி போடவா?" என்று கடைக்காரர் கேட்டார். போடுங்கள் என்றேன். அந்த அரை மணியில் ஒரு வரியும் படிக்கவில்லை.

எட்டு வயதில் உனக்குத் தெரிந்தது, ராஜு. உன் கால் உனக்குச் சொன்னது. நீ எனக்குச் சொன்னாய்.

அப்படியென்றால் நான் மலையேற்றவில்லை என்றால் நீ இன்னும் இரண்டு வருஷம் நடந்திருப்பாயா? ஒரு வருஷம்? மலையையே பார்க்காத பிள்ளைகளும் அதே வயதில்தான் உட்காருகிறார்கள், அதே வயதில்தான் போகிறார்கள். ஒரு கோடை விடுமுறை உன்னிடமிருந்து என்ன எடுத்தது என்று எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்றும் எடுக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றும். எல்லாமே நான்தான் என்று மறுநாள் தோன்றும். இதில் எது அறிவு, எது வேதனை என்று பிரிக்கத் தெரியவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். அதனால்தான் உனக்கு இப்படி வந்தது என்று உறவு முழுக்கச் சொன்னது. கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா ஒரே பிடியாக, "சொந்தம் வேண்டாம், அந்நியத்துல குடுப்போம், புள்ளைக நல்லா இருக்கும்" என்றார். ஆனால் இந்த நோய்க்குச் சொந்தமும் அந்நியமும் ஒன்றுதான். தாய் வழியாக மகனுக்குப் போவது. தாயிடம் வெளியே தெரியாது. கோமதியிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னிடமும் அப்படித்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

அம்மாவிடம் அடுப்படியில் வைத்து ஒரு முறை சொன்னேன். "ஏட்டி, ஒங்காலேஜுப் பாடத்த இங்கன எடுக்காத. நல்ல காரியம் நடக்கப் போவுது" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மலையில் பேசியது தப்பு என்று ஆகியிருந்தது அல்லவா? இங்கே பேசாமல் இருந்தேன். அதுவும் தப்பாகிவிட்டது. 'நீ ஏங்க்கா கல்யாணம் பண்ணல?' என்று ஒரு நாள் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாய். படிப்பு, வேலை என்று ஏதோ சொன்னேன். உண்மையான காரணம் என்னிடமும் அது இருக்கலாம் என்ற பயம்தானா என்று எனக்கே இன்றுவரை தெளிவில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன்; அதற்கு முன்னால் இந்த விஷயத்தைக் கோமதியிடம் நேரில் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத மாட்டேன். அது அவளுடையது.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

போன மாதம் சங்கரன் ஒரு வழவழப்பான தாளைக் கொண்டுவந்தார். ரயிலில் யாரோ கொடுத்தார்களாம். சென்னையில் ஓர் இடம், பெயர் வேண்டாம். 'குருத்தணு சிகிச்சை' என்று போட்டிருந்தது. பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, தொடையிலும் கெண்டைக்காலிலும் வரிசையாக ஊசி போடுவார்கள். தாளில் ஒரு பையன் எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் நடந்தானா, நடக்கவில்லையா, இப்போது எப்படி இருக்கிறான் என்று எதுவும் இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது.

கோமதி போனில் சொன்னாள். "யக்கா, நீ படிச்சவ. போலாம்னு சொல்லு, போறோம். வேண்டாம்னு சொல்லு, விட்டுருதோம். ஆனா ரெண்டுல ஒண்ணச் சொல்லு. திங்கக்கெழம அவியளுக்குப் பதில் சொல்லணும்."

அந்த இடத்துக்கு நானே போன் செய்தேன். பிள்ளையின் எல்லா செல்லிலும் அந்தக் குறை இருக்கிறதே, அவன் மஜ்ஜையிலிருந்தே எடுத்துப் போட்டால் குறையும் கூடவே போகாதா என்று கேட்டேன். மஜ்ஜையில் இருப்பது தசையாக மாறுவதே அபூர்வம் என்று படித்தேனே என்றும் கேட்டேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நம்பிக்கை வைங்க மேடம்" என்றாள். நம்பிக்கையைப் பற்றி நான் கேட்கவில்லையே என்றேன். டாக்டர் கூப்பிடுவார் என்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அப்போதே எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனால் பாடத்தில் படித்ததை நிச்சயம் என்று நம்பி ஒரு பிள்ளையைப் படியேற்றியவள் நான். அன்றைக்கும் எனக்கு இதே மாதிரிதான் தெளிவாக இருந்தது. இன்றைய தெளிவை மட்டும் எப்படி நம்புவது? இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ ஒன்று அந்த ஊசியில் இருந்து, நான் குறுக்கே நின்றுவிட்டால்? சந்தேகப்படுவதுதான் என் படிப்பு. சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தால் எங்கே போய் நிற்பது?

சனிக்கிழமை பாசஞ்சரில் கடம்பூர் போனேன். கடையில் சங்கரன் இல்லை. கோமதி கல்லில் போளியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் வீட்ல. ட்ரெய்னிங் நடக்கு" என்று சிரித்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே சங்கரனின் குரல் கேட்டது. "பதிமூணு... பதினாலு... சுவத்தப் பிடிக்காத ராசா." மொட்டைமாடிப் படியில் வசந்த் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை சுவரில், இன்னொரு கை முட்டியில். ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

நான் சத்தம் போட்டு நீ கேட்டிருக்க மாட்டாய். அன்றைக்குப் போட்டேன். "நிறுத்துங்க!" பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சங்கரன் திகைத்துப்போனார். "என்ன மைனி? அங்கன சொல்லித்தான் செய்யுதோம். ஊசிக்கு முன்னால ஒரு மாசம் படி ஏறி எறங்கித் தசையத் தயார் பண்ணணுமாம். போன்ல சொன்னாவ."

வசந்த் அதே படியில் உட்கார்ந்துவிட்டான். "பெரியம்மா, இன்னிக்கு ட்ரெய்னிங் கேன்சலா?"

"ஆமா."

"இன்னிக்கு மட்டுமா, எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"யப்பா, கேட்டுக்கோங்க. பெரியம்மா காலேஜு டீச்சர்" என்றான். சங்கரனுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

கோமதி கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். வசந்தை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் மலையைப் பற்றிச் சொன்னேன். நோட்டு, கட்டம், நீ என் தோளைப் பிடித்தது, கருப்பட்டிக் காப்பி நிறம், எலி, எல்லாம். இருபத்தொன்பது வருஷம் யாரிடமும் சொல்லாததைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

கோமதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதாக்கா? நானுந்தான பின்னாலயே வந்தேன், ஒங்க ரெண்டு பேரு செருப்பையும் தூக்கிக்கிட்டு."

அவள் வந்தது எனக்கு நினைவே இல்லை, ராஜு. அவளுக்குப் பத்து வயது. என் நினைவில் அந்த மலையில் நீயும் நானும் மட்டும்தான்.

"அவனுக்கு அது நோவுனது தெரியும். ஆனா நீ லீவுக்கு வாரதுக்கே அவன் காத்துக்கெடப்பான். கட்டில்ல விழுந்த பொறவுகூட எங்கிட்டக் கேப்பான், 'கோமு, மேல இருந்து பாத்தா ரயிலு எப்பிடிப் போவும், சொல்லு'ன்னு. நானும் சொல்லுவேன். தெனமும் ஒரே ரயிலத்தான் சொல்லுவேன்."

நீ இதை என்னிடம் சொன்னதில்லை. நான் ஊர் ஊராய் வேலை தேடிக்கொண்டிருந்த காலம். இதை இப்போது எங்கே வைப்பது? உன் தசையைக் கிழித்த அதே படிகள்தான் உனக்கு அந்த ரயிலையும் காட்டின என்றால், அந்த மலையை நான் என்னவென்று நினைத்துக்கொள்வது? மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படி எடுத்துக்கொண்டால் என்னை நானே ஏமாற்றுவது ஆகாதா?

சங்கரனுக்கு இதெல்லாம் வேண்டியதாக இல்லை. நியாயம்தான். "அதெல்லாம் சரி மைனி. ஊசி போடலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவன் உடம்பிலிருந்து எடுக்கிற எந்தச் செல்லுக்கும் அந்தப் புரதத்தைச் செய்யத் தெரியாது என்றேன்.

அவர் மாவு காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "உப்புப் போடாம பெசஞ்ச மாவு. அதுல எந்த மூலையில கிள்ளித் தட்டுனாலும் உப்பு இருக்காதுங்கீங்க."

"ஆமா."

"அப்ப உப்புப் போட்ட மாவு எங்க கெடைக்கும்?"

"இன்னும் யாருக்கும் தெரியாது. வேற ஆளோட செல்லப் போட்டா ஒடம்பு ஏத்துக்கிடாது. அவன் செல்லயே எடுத்துக் குறையத் திருத்திப் போடலாமான்னு பாக்காங்க. எலியில பாக்காங்க."

"எத்தன வருசம் ஆவும்?"

"தெரியல."

"வேண்டாம்னு சொல்லுததுக்கு மட்டும் நல்லாப் படிச்சிருக்கீங்க மைனி" என்று எழுந்து போனார். கோமதி, "அவியள ஒண்ணும் நெனைக்காதக்கா" என்றாள். நான் நினைக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றியது.

செய்ய இருப்பது கொஞ்சம்தான். அதைக் கோமதிக்குக் காட்டினேன். குதிகால் தசைநாண் இறுகிவிடாமல் பாதத்தை மெதுவாக மேல்நோக்கி நீவிப் பிடிப்பது. மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விடாமல் கொடுப்பது. படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போவது. நிச்சயமான மருந்து என்றைக்காவது வந்தால், அது போய்ச் சேர்வதற்குத் தசை கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். தூங்குகிற அந்தச் செல்களை எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் தூங்க விட வேண்டும். இதுதான் சரி என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.

சாயங்காலப் பாசஞ்சருக்கு சங்கரன்தான் டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விட்டார். முன்னால் வசந்த், பின்னால் நான். பிளாட்பாரத்தில் என்னையும் பையனையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வண்டி வரும் நேரத்தைக் கேட்டுவருவதாகப் போனார். அந்த நேரம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வசந்த் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். பிறகு சாதாரணமாகக் கேட்டான். "பெரியம்மா, ராஜு மாமாவுக்கு இருந்ததுதான் எனக்குமா?"

யார் சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. "ஆமாடா."

"மாமா எத்தன வயசு வரைக்கும் இருந்தாவ?"

உனக்கு நான் கடைசிவரை 'சரியாயிரும்' என்றுதான் சொன்னேன், ராஜு. நீ ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டாய். அது உன் கருணை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது, அல்லது புரிந்ததாக நினைக்கிறேன்.

"பத்தொம்பது" என்றேன். "ஆனா அப்பம் இருந்த மாத்திர வேற, இப்பம் இருக்குத மாத்திர வேற. ஒனக்கும் அப்பிடித்தான்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது."

அவன் விரலை மடக்கினான். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனான். "பத்தொம்பதுன்னாலும் எனக்கு இன்னும் பத்து வருசம் இருக்கு பெரியம்மா" என்றான். கண்ணை விரித்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பத்து வருஷம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக. "அது ரொம்பல்ல?"

"ரொம்பத்தான்" என்றேன். அது பொய் இல்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. வண்டி வந்தது. சங்கரன் ஓடிவந்து என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டு, "பாத்துப் போங்க மைனி" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாதோ? கோமதியிடம் கேட்காமல் நான் யார் அந்த எண்ணைச் சொல்ல? மறுபடியும் ஒரு பிள்ளையிடம் ஒரு தப்பைச் செய்துவிட்டேனோ? கோவில்பட்டி வரும்வரை இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன். உனக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்த வருஷங்களை என்ன செய்திருப்பாய்?

உன்னிடம் வாக்குக் கொடுக்கிறேன். அவன் கேட்கிற எதற்கும் 'சரியாயிரும்' என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். நோவுகிறது என்று அவன் சொன்னால், எந்தப் புத்தகம் என்ன சொன்னாலும், முதலில் அவனை நம்புவேன். அவனுடைய பத்து வருஷத்தில், அதற்கு மேலும் எத்தனை கிடைத்தாலும், எல்லாச் சனிக்கிழமையும் கடம்பூரில் இருப்பேன்.

உன்னைவிட முப்பது வயது மூத்துப்போய்விட்ட,
உன் பெரியக்கா